விமானம், விடுதி, வெள்ளைக்கல்: அரசு முதலீட்டின் மதிப்பீட்டை யாரிடம், எப்படிச் சொல்வது?

சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தை ஆராய்ந்த, அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 வழித்தடங்களில் விமானமே கிளம்பவில்லை. கிளம்பிய 371-இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டி முடித்தவை 112. சலுகை தீர்ந்த பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. இந்த அறிக்கை வெளிவந்த இரண்டாவது மாதத்தில், 2018-இல் தொடங்கி 2021-இல் நின்றுபோயிருந்த சேலம் விமான சேவை மீண்டும் தொடங்கியது. செய்தித்தாள்களில் நேர அட்டவணை வந்தது, டிக்கெட் விலை வந்தது. அந்த 54-ஐப் பற்றி, விமான நிலையம் இருக்கும் ஓமலூர்ப் பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பேசியிருக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் நிலம் எடுக்கும் முயற்சியை எதிர்த்து 2018-இல் விவசாயிகள் போராடினார்கள். இந்தத் திட்டத்தில் மாநில அரசும் பங்காளி. டிக்கெட் வருமானம் போதாததை ஈடுகட்ட விமான நிறுவனத்துக்குத் தரும் இடைவெளி நிதியில் ஐந்தில் ஒரு பங்கு மாநிலத்தினுடையது. விமான எரிபொருள் மீதான வரியை ஒரு சதவீதத்துக்குக் குறைப்பதும், விரிவாக்கத்துக்கு வேண்டிய நிலத்தை விலையில்லாமல் தருவதும் மாநிலத்தின் பொறுப்பே. ஆக, அந்த நிலத்தைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவருக்குத்தான் மதிப்பீட்டின் முதல் பிரதி போயிருக்க வேண்டும். மத்திய அரசு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கைகள் வருவதோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

அரசு வணிகத்தில் போட்ட பணம் பலித்ததா என்று ஆராய்வதற்கு நம் நாட்டில் ஆட்களுக்கோ அமைப்புகளுக்கோ பஞ்சமில்லை. ஆராய்ந்ததை வெளியே சொல்லும் வழிகளில்தான் சிக்கல். சட்டமன்றத்தில் வைப்பது, சுருக்கம் வெளியிடுவது, முழு அறிக்கையையும் பொதுவில் போடுவது, சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி வைத்துப் படிப்பது என்று பிரதானமாக நான்கு வழிகள் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவெடுக்கும் முன்பு பாதிக்கப்படுவோர் கைக்கு வராத மதிப்பீடு, எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும், பீரோவுக்குத்தான் உபயோகம்.

சேலம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கே அரசு பல வேடங்களில் வியாபாரம் செய்கிறது. இரும்பாலை என்று ஊரார் சொல்லும் சேலம் உருக்காலை, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மத்திய அரசு நிறுவனமான செயிலின் ஆலை. அந்த நிறுவனத்தின் கையிலேயே உலைகளுக்கான வெப்பந்தாங்கிச் செங்கல் செய்யும் இன்னொரு தொழிற்சாலையும் இங்கே இருக்கிறது. பழைய பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்திடமிருந்து 2011-இல் வந்தது. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டை வெட்டியெடுக்க மாநில அரசு 1979-இல் தொடங்கியது டான்மேக். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டலும் படகு இல்லமும் உள்ளன. மேட்டூரில் அனல் மின் நிலையம், மாவட்டம் முழுக்க அரசுப் பஸ். ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் கண்டிப்பான கணக்கில் அரசு நிறுவனம் இல்லை என்றாலும் அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் ஒரே முறையில் மதிப்பீட்டை வெளியிட முடியாது என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவையில் வைப்பது

நடப்பில் இருக்கும் வழி இதுதான். அரசியல் சட்டத்தின் 151-ஆவது பிரிவுப்படி மத்திய அரசு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை குடியரசுத் தலைவருக்கும், மாநிலம் பற்றியது ஆளுநருக்கும் போய், அங்கிருந்து அவைக்கு வருகிறது. அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை அவையில் வைக்க 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதற்குப் பின், இந்த அறிக்கைகளை ஆராயும் உறுப்பினர்களின் பொது நிறுவனங்கள் குழு. நாடாளுமன்றத்தில் 1964 முதல் இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் உண்டு.

இந்த வழியை ஏளனமாகப் பேசுவது எளிது. நான் அப்படிப் பேசமாட்டேன். இதில் மற்ற எந்த வழியிலும் இல்லாத ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: குற்றச்சாட்டும், நிர்வாகத்தின் பதிலும், அந்தப் பதிலுக்குத் தணிக்கையாளரின் மறுப்பும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகின்றன. 'பதில் ஏற்புடையதன்று' என்ற அந்த வறண்ட வாக்கியத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு ஆறுதல் வருவதுண்டு. யாரோ ஒருவர் பதிலைப் படித்துப் பார்த்திருக்கிறார். மத்திய அறிக்கையானால், அவையில் வைத்த நான்கு மாதத்துக்குள் அமைச்சகம் எடுத்த நடவடிக்கையைக் குறிப்பாக எழுதித் தர வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது.

குறை காலத்தில் இருக்கிறது. அவையில் வைக்கும்வரை அறிக்கை மூடிய உறைக்குள் கிடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் அவையின் உரிமையை மீறுவதாகும் என்று சொல்லி மறுக்க 8(1)(c) பிரிவு இடம் தருகிறது. எப்போது வைப்பது என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் ஒரு கட்டு அறிக்கைகள் மொத்தமாக வந்து விழுவது எல்லா ஆட்சியிலும் பார்த்த காட்சி. இன்னொரு குறை அளவில். நாடு முழுக்க 774 வழித்தடம் என்ற கணக்கு அமைச்சகத்துக்கு உதவும். காமலாபுரத்து விவசாயிக்கு வேண்டியது சேலம் வழித்தடத்தில் ஒரு இருக்கைக்கு எவ்வளவு மானியம் போனது, எத்தனை இருக்கை காலியாகப் பறந்தது என்ற கணக்கு.

சுருக்கம்

2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தமிழக நிதியமைச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்த வழிக்கு நல்ல உதாரணம். அரசுப் பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றது அது. மின்வாரியம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 ரூபாய் 36 காசு இழந்தது. நிதிநிலை அறிக்கையின் பக்கங்களை வாழ்நாளில் புரட்டாதவர்கூட இந்த இரண்டு எண்களையும் சொன்னார். அரசு நிறுவனம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு டீக்கடை வரைக்கும் நடந்து வந்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்த வகையில் அது வெற்றி.

ஆனால் அது சராசரி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகும் பஸ்ஸையும், நெடுஞ்சாலையில் சென்னைக்கு ஓடும் பஸ்ஸையும் அது ஒரே தட்டில் போடுகிறது. எந்த வழித்தடத்தில் இழப்பு, எதனால் இழப்பு, அதில் எவ்வளவு அரசே தெரிந்து சுமந்த சமூகச் செலவு, எவ்வளவு வெறும் நிர்வாகக் கோளாறு என்று பிரித்துப் பார்க்க அந்த ஒற்றை எண்ணில் வழியில்லை. அப்படிப் பிரிக்காத எண் யார் கையில் கிடைக்கிறதோ அவர் வாதத்துக்கு உதவும். 'பஸ்ஸைத் தனியாரிடம் கொடு' என்பவருக்கும் அதே 59 ரூபாய். 'டீசல் விலையைக் குறை' என்பவருக்கும் அதே 59 ரூபாய்.

சுருக்கத்தை எழுதுவது யார் என்பதும் பெரிய விஷயம். மதிப்பீடு செய்தவர் எழுதினால் ஒரு மாதிரி இருக்கும். துறையின் மக்கள் தொடர்புப் பிரிவு எழுதினால் 'சவால்கள் இருப்பினும் திட்டம் சிறப்பாகச் செயல்படுகிறது' என்று முடியும். முழு அறிக்கை வெளிவராமல் சுருக்கம் மட்டும் வந்தால் இரண்டையும் ஒப்பிட யாராலும் முடியாது. ஆகவே சுருக்கத்தைத் தனி வழியாக நான் ஏற்கவில்லை. முழு அறிக்கைக்குத் துணையாக அது வரலாம்.

முழுவதையும் வெளியிடுவது

பிரிட்டனில் அரசுத் துறைகளின் ஆய்வு வெளியீட்டு விதி, இறுதி அறிக்கை ஒப்புக்கொள்ளப்பட்ட 12 வாரத்துக்குள் வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறது. சிறு தொழிலுக்குப் பணம் திரட்டித் தரும் அவர்களுடைய பிரிட்டிஷ் பிசினஸ் வங்கி முழுக்க அரசுக்குச் சொந்தம். தன் கடன் திட்டங்களின் மதிப்பீடுகளை அது பொதுவில் வைக்கிறது. இன்னொரு பக்கம், உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஐ.எஃப்.சி., வாடிக்கையாளரின் வணிக ரகசியத்தைத் தன் 2012 தகவல் கொள்கையிலேயே விலக்காக வைத்திருக்கிறது. பணம் அரசுடையது என்றால் ஒரு நியாயம், பணம் போன இடம் தனியார் என்றால் இன்னொரு நியாயம் என்ற இழுபறி எல்லா நாட்டிலும் இருக்கிறது.

நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்த இழுபறி 8(1)(d) பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. வணிக நம்பிக்கை, தொழில் ரகசியம், போட்டியில் பாதிப்பு என்றால் தகவலை மறுக்கலாம். ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். பிரிவின் முதல் பாதியை எல்லா அதிகாரிகளும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

எது உண்மையிலேயே ரகசியம்? ஏற்காடு விடுதியில் எந்த மாதம் எத்தனை அறை நிரம்பியது என்பது ரகசியம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மே மாதம் கோடை விழா நேரத்தில் மலைப்பாதையில் நிற்கும் வண்டி வரிசையைப் பார்க்கும் எவருக்கும் அது தெரியும். எதிர்வரிசைத் தனியார் விடுதிக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அரசு விடுதி பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியது, அதில் எவ்வளவு செலவானது, ஓர் அறைக்கு எத்தனை ஊழியர் என்பதிலும் போட்டிக்காரர் திருடிக்கொள்ள எதுவும் கிடையாது. நிர்வாகத்துக்குச் சங்கடம் தரும் தகவலும் நிறுவனத்துக்கு நட்டம் தரும் தகவலும் ஒன்றல்ல. நம் அலுவலகங்களில் முதலாவதற்கு இரண்டாவதன் சட்டையைப் போட்டு விடுகிறார்கள்.

டான்மேக் கதை வேறு. வெள்ளைக்கல்லை வாங்குவோர் வெப்பந்தாங்கிச் செங்கல் செய்யும் சில ஆலைகள்தான். வெளிநாட்டுச் சரக்கோடும் போட்டி. எந்த ஆலைக்கு என்ன விலையில் விற்றோம் என்று அச்சிட்டால், அடுத்த வாரமே குறைந்த விலையைச் சுட்டிக் காட்டி மற்றவர்கள் பேரம் பேசுவார்கள். இது நியாயமான மறைப்பு. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய விலைப்பட்டியலால் யார் பேரம் பேசப் போகிறார்கள்? எனவே மறைப்புக்கு ஒரு காலாவதித் தேதி வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தின் இழப்பு, இயந்திரம் சும்மா நின்ற நாள், சூளைக்கான எரிபொருள் செலவு ஆகியவற்றுக்கு மறைப்பே வேண்டியதில்லை.

இந்த வழியின் உண்மையான ஆபத்தை அதிகாரிகள் சொல்வதில்லை; மதிப்பீடு செய்பவர்கள்தான் சொல்வார்கள். எல்லாம் வெளியே வரும் என்று தெரிந்தால் ஆலைக்குள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கொள்முதலில் என்ன நடந்தது என்று தெரிந்த ஃபோர்மேன், பெயர் வரும் என்றால் 'எல்லாம் விதிப்படிதான்' என்பார். பேட்டிக் குறிப்புகளைப் பிரித்து வைத்து, அவற்றை மட்டும் வெளியிடாமல் இருப்பது இதற்கு ஒரு வழி. மதிப்பீட்டாளரே பயந்து மழுப்பலாக எழுதுவது அதைவிடக் கடினமான நோய். அடுத்த ஒப்பந்தமும் இதே துறையிடமிருந்துதான் வர வேண்டும் என்பவர் எவ்வளவு கடுமையாக எழுதுவார்? மதிப்பீட்டுக்குப் பணம் தருவது மாநிலத் திட்டக்குழு போன்ற மூன்றாம் இடமாக இருந்தால் கொஞ்சம் தணியும்.

கூட்டி வைத்துப் படிப்பது

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மரவள்ளிக் கிழங்கு விலை விழுந்தால் விவசாயிகள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், அதிகாரிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் நடக்கிறது. மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். நூறு நாள் வேலைத் திட்டச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கிராம சபையில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கூரை இருக்கிறது, பாய் விரித்தாயிற்று. மதிப்பீட்டு அறிக்கை மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை.

வந்தால் என்ன கிடைக்கும்? மலைக் கிராமத்துக்குப் போகும் ஒரு பஸ் நட்டத்தில் ஓடுகிறது என்று அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். சபையில் ஒரு பெண் எழுந்து, 'காபிப் பழம் பறிக்கும் மாதத்தில் நாங்கள் விடிவதற்குள் எஸ்டேட்டுக்குக் கிளம்புகிறோம். உங்கள் பஸ் ஒன்பது மணிக்கு வருகிறது. காலியாக ஓடாமல் என்ன செய்யும்?' என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி அறிக்கையின் முடிவையே திருப்பிப் போடும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் இந்த வழிக்கு நிகர் இல்லை. தவறு இருந்தால் அச்சாகும் முன்பே திருத்திக்கொள்ளவும் முடியும்.

பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சத்தமாகப் பேசுபவர் குரலே கூட்டத்தின் குரலாகப் பதிவாகும். சேலத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டினால் சேர்வராயன் மலைமீதுள்ள மலையாளிப் பழங்குடியினர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வரவேண்டும், வரமாட்டார்கள். மலையில் நடக்கும் விஷயத்தை மலையிலேயே, கிராம சபை நாளில் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நம் மாநிலத்தில் நடக்கிறது. ஒன்றில் அரைமணி நேரம் போதும்.

இரும்பாலைக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிற்சங்க நண்பர்கள் 'முதலில் எங்களிடம் சொல்லுங்கள்' என்று கேட்பது வழக்கம். இந்திரா காந்தி 1970-இல் அடிக்கல் நாட்டி, 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. நாணய வில்லை வரை செய்து கொடுத்த அந்த ஆலையை விற்க 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது; 2019-இல் விருப்பம் தெரிவிக்க அழைப்பு விட்டது. வேலை போகுமோ என்று பயப்படுபவருக்கு முதலில் தெரிய உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செயில் பட்டியலிட்ட நிறுவனம். பங்கு விலையைப் பாதிக்கும் தகவலைச் சிலரிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்வதை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிகள் தடுக்கின்றன. பங்குச் சந்தைக்கு அறிவிக்கும் அதே வேளையில் ஆலை வாயிலிலும் தமிழில் ஒட்டலாம். அதற்கு முன்பு முடியாது.

விற்பனைக்கான குறைந்தபட்ச விலையும் அப்படித்தான். ஏலம் முடியும்வரை அதை மூடி வைப்பது வாங்குபவனிடமிருந்து பொதுச் சொத்தைக் காப்பாற்றுகிறது. விற்பனை முடிந்தபின் மூடுவதற்குக் காரணமே இல்லை. 1999 முதல் 2003 வரை நடந்த பங்கு விற்பனைகளைப் பின்னால் சி.ஏ.ஜி. ஆராய்ந்து 2006-இல் அறிக்கை தந்தபோது விலைமதிப்பு முறைகள் வெளிச்சத்துக்கு வந்தன. வானம் இடிந்து விழவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

தகவல் அறியும் உரிமை மனுவை ஐந்தாவது வழியாக நான் கணக்கில் சேர்க்கவில்லை. பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்து, மேல்முறையீடு செய்து ஒருவர் பிடுங்கி எடுப்பதற்குப் பகிர்தல் என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் அதே சட்டத்தின் நான்காவது பிரிவு கவனிக்கத்தக்கது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போதே தொடர்புடைய உண்மைகளை அரசு தானாக வெளியிட வேண்டும் என்றும், அதை உள்ளூர் மொழியில் அந்தப் பகுதிக்கு ஏற்ற முறையில் சேர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. தமிழில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

மாநில அரசின் பட்டியலிடாத நிறுவனங்களுக்கு, அதாவது டான்மேக்குக்கும் ஏற்காடு விடுதிக்கும் பஸ்ஸுக்கும், வரைவு அறிக்கையை முதலில் சம்பந்தப்பட்டவர் கூட்டத்தில் தமிழில் படித்து, அங்கே வந்த ஆட்சேபங்களோடும் நிர்வாகத்தின் பதிலோடும் முழு அறிக்கையை மூன்று மாதத்துக்குள் வெளியிடுவதே சரி என்பேன். சி.ஏ.ஜி. அறிக்கையின் அந்த நல்ல பழக்கத்தை இங்கே கடன் வாங்கிக்கொள்ளலாம். செயில் போன்றவற்றுக்குக் கூட்டத்தை வெளியீட்டுக்குப் பின் வைக்க வேண்டும். அப்போதும் முடிவு எடுப்பதற்கு முன். விமானத் திட்டத்தில் வழித்தடவாரியான பயணிகள் எண்ணிக்கையும் மானியமும் முதன்மை. அதை மாவட்ட அளவில் பிரித்துத் தராத எந்த அறிக்கையும் நில உரிமையாளருக்கு உதவாது. சேகோசர்வ் போன்ற கூட்டுறவுக்கு உறுப்பினர் பேரவை இருக்கிறது, ஆனால் மரவள்ளி விவசாயி அதில் உறுப்பினர் இல்லை. முத்தரப்புக் கூட்டமே அதற்குப் பொருத்தமான இடம்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். மதிப்பீட்டுக்கான வேலை ஆணையிலேயே தமிழ்ச் சுருக்கத்தையும் ஒரு கூட்டத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், ஆலோசகர் தன் கட்டணத்துக்குள்ளேயே செய்து கொடுப்பார். பிறகு சேர்த்தால்தான் தனிச் செலவு, தனிக் கோப்பு, தனித் தாமதம்.

மிச்சமிருக்கும் சண்டை, எதை மறைப்பது என்று யார் தீர்மானிப்பது என்பதில்தான். நிறுவனமே தீர்மானித்தால் பாதிப் பக்கம் கறுப்பாக வரும். மதிப்பீட்டாளரிடம் விட்டால் அவருக்கு வணிகம் தெரியாது என்பார்கள். தகவல் சட்டத்தின் பத்தாவது பிரிவு, ஒரு பகுதியை மறைத்து மீதியைத் தரும்போது காரணத்தையும், முடிவெடுத்தவரின் பெயர், பதவியையும் மனுதாரருக்கு எழுதச் சொல்கிறது. அதே விதியை மதிப்பீட்டு அறிக்கைக்கும் கொண்டுவரலாம்: ஒவ்வொரு கறுப்புப் பட்டைக்கும் கீழே எந்தப் பிரிவின்படி, எந்த அதிகாரி மறைத்தார், எந்தத் தேதியில் திறக்கப்படும் என்ற மூன்றும் சிறிய எழுத்திலாவது இருக்கட்டும். தன் பெயர் அச்சாகும் என்றால் அறை வாடகைக் கணக்கைக் கறுப்படிக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்று பார்க்கலாம்.